விரிவுரைப் பீடத்துக்குச் சென்ற வழி

1857 ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தியோர் இருவரே. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. இப்பெருமையை ஈழத்துத் தமிழர் எடுத்துரைக்காத மேடை இல்லை. ஆயினும் இதனை அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. முதற் பட்டதாரியாகிய தாமோதரம்பிள்ளை பல்கலைக்கழக ஆசிரியராக ஏன் வாழ்ந்திலர்?

அவர் சிறிது காலம் சென்னை இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். பின்னர் கள்ளிக்கோட்டையிலே பாடசாலை ஆசிரியர். அதன்பின் அரசாங்கக் கணக்குப் பகுதியிலே உத்தியோகத்தர். 1871 இற் சட்டத்துறையிலே பீ. எல். பட்டமும் பெற்று, முடிவிற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாய் விளங்கினார். வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அவர் பதிப்பித்தது உத்தியோகத்துக்கு நடுவே கிடைத்த ஓய்வு நேரத்திலேயாம். தமிழாராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு ஒருவர் உயிர்வாழ்தல் அக்காலத்தில் இயலாதிருந்தது. பல்கலைக்கழகமோ அன்று பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஒரு சபை. கற்பித்தல் கல்லூரிகளின் கடமை. அக்கல்லூரிகளில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தவர் பேராசிரியர் எனப்பட்டார். தமிழ் கற்பித்தவர் பண்டிதர் எனப்பட்டார். பெயரில் இருந்த இவ்வேறுபாடு சம்பளத்திலும் இருந்தது, மதிப்பிலும் இருந்தது. கணக்குக் கந்தோரின் நாற்காலி பண்டிதரின் நாற்காலியிலும் உயர்ந்ததாய் இருந்த காலம் அது.

அந்தப் பண்டிதர் நாற்காலிக்குச் செல்லும் வழியும் வேறுவகையானது. 1880 இல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிலே தமிழாசிரியராய் அமர்ந்தபோது அவருக்கு வயது 25. கையில் யாதொரு பட்டமும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் ஏறத்தாழ ஐந்தாண்டு பாடங் கேட்டவர் என்பதே அவருடைய தகுதி. அப்பதவியிலிருந்து ஓய்வுபெறவிருந்த தியாகராச செட்டியார், தாமும் அதே ஆசிரியரிடம் பயின்றவர். அவரே ஐயரை அழைத்துச்சென்று தம் இடத்தில் அமர்த்துவித்தார். ஆசிரியர் மாணாக்கரை அறிவார், மாணாக்கர் தம் தோழரை அறிவார், அந்த அறிமுகமே சான்றிதழ். இம்முறையினாற் சாமிநாதையர் போன்ற ஒருவர் கிடைத்தார் என்பது உண்மை. ஆனால் மகாவித்துவானின் திண்ணைக்கு வந்துசேர வாய்ப்பில்லாத ஓர் இளைஞனுக்கு, அவன் எத்துணைக் கூரிய அறிவினனாயினும், அக்கதவு திறந்திராது என்பதும் உண்மையே. பரீட்சைமுறையை இகழ்ந்து பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இலங்கையின் நிலை இன்னும் பின்தங்கியது. இங்கே பல்கலைக்கழகமே இல்லை. பள்ளிப்படிப்பின் முடிவிலே கேம்பிரிச் சீனியர் பரீட்சை. அதற்கு மேலே செல்ல விரும்பினால் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை. இரண்டின் வினாத்தாள்களும் கப்பலில் வந்தன. விடைத்தாள்கள் கப்பலிற் சென்றன. இலங்கைக்குத் தனியே ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 இல் இயக்கம் ஒன்று தோன்றிற்று, சேர். பொன். அருணாசலம் அதன் தலைவராயிருந்து உழைத்தார். 15 ஆண்டுகளின் பின்னரே, 1921 இல், கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதுவும் இலண்டன் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் கல்லூரிதான். சேர் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் எழுந்தது 1942 இலேயாகும். ஆகவே 1942 க்கு முன்னே பிறந்து வளர்ந்த ஓர் இலங்கை இளைஞன், தன் நாட்டுப் பல்கலைக்கழகத்திலே ஆசிரியனாக வேண்டுமென்று திட்டமிடுதல், கட்டப்படாத வீட்டுக்கு ஏணி தேடுதல் போன்றது.

அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் வந்த வழியைப் பார்ப்போம்.

இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்ததும், அன்று மட்டக்களப்புப் பகுதியோடு சேர்த்து எண்ணப்பட்டதுமான கடலோரக் கிராமம் காரைதீவு. அங்கே 1892 இற் பிறந்த மயில்வாகனம், கேம்பிரிச் சீனியர் பரீட்சையில் 1908 இலே தேறினார். அப்போது வயது 16. அடுத்த படி யாது? மேற்படிப்புக்கு நாட்டில் இடமில்லை. கடல் கடந்து செல்லப் பொருளில்லை. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அன்று திறந்திருந்தது ஆசிரியத் தொழில் ஒன்றே. அவர் ஆசிரியரானார். 1911 இற் கொழும்பு அரசினர் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெற்றார். கொழும்பிலே இருந்த காலத்திலே தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளை முதலியோரை அடுத்துத் தமிழிலக்கியமும் கற்றார். பகலிலே ஒரு படிப்பு, மாலையிலே மற்றொரு படிப்பு.

1915 இல் மீண்டுங் கொழும்புக்கு வந்து அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1916 இலே, அவர் பெற்ற தகுதிகள் இரண்டு. ஒன்று அக்கல்லூரி வழங்கிய விஞ்ஞானச் சான்றிதழ். மற்றொன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். ஒரே ஆண்டில், ஒன்று மேற்கேயும் ஒன்று வடக்கேயும் நோக்கிய இரண்டு வாயில்கள். பாண்டித்துரைத் தேவர் 1901 இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், யாருடைய திண்ணையிற் படித்தாய் என்று கேளாமல் எழுத்துப் பரீட்சை வைத்துப் பண்டிதரைத் தெரிந்தது. சாமிநாதையர் காலத்து அறிமுகமுறைக்கும் பிற்காலத்துப் பல்கலைக்கழக முறைக்கும் இடையே அமைந்த பாலம் அதுவெனலாம். கிழக்கிலங்கைக் கிராமத்துப் பிள்ளை அப்பாலத்தின் வழியே தான் தமிழ்ப் புலமைக்குரிய அத்தாட்சியைப் பெறமுடிந்தது.

1917 இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியர். 1920 அளவில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர். உத்தியோகத்திலே உயர்ந்துசெல்ல விரும்பும் எவரும் இந்த இடத்திலிருந்து மேலேயே ஏறியிருப்பர். அவரோ 1922 இல் யாவற்றையும் விட்டுச் சென்னைக்குச் சென்று இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்தார். 1924 இலே துறவறம் பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். உலகியல் நோக்கிலே பார்த்தால் இது தொழிற்பாதையின் முடிவு. ஆனால், பல்கலைக்கழகம் அவரைத் தேடிவரத் தொடங்கியது இதற்குப் பின்னரே. சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 இல் நிறுவப்பட்டது. 1931 இல் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவர் அழைக்கப்பட்டார். இரண்டாண்டு பணிசெய்து, 1933 இல் அப்பதவியையும் விட்டுக் கிழக்கிலங்கைப் பாடசாலைகளைப் பார்க்கத் திரும்பினார். பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலே ஆங்கிலச் சஞ்சிகையாகிய ‘பிரபுத்த பாரத’வின் ஆசிரியப் பொறுப்பு. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியர் பதவியை அவருக்கு அளித்தபோது அவருக்கு வயது 51. கலாநிதிப் பட்டம் இல்லை. தமிழிலே பல்கலைக்கழகப் பட்டந்தானும் இல்லை. அவரிடமிருந்த ஒரே பல்கலைக்கழகப் பட்டம் விஞ்ஞானப் பட்டம்.

இதனை வியந்து கூறுவதோடு நிறுத்திவிடலாகாது. அந்த விஞ்ஞானப் படிப்பு வீண்போயிற்றா என்பதையும் நோக்கவேண்டும். அவருடைய பெருநூலாகிய ‘யாழ்நூல்’, மறைந்துபோன பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுருதிகளையும் மீட்டெடுக்க முயன்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே இளங்கோவடிகள் கூறுவன நரம்புகளையும் சுரங்களையும் பற்றிய நுட்பங்கள். வெறும் இலக்கணப் பயிற்சியுடைய உரையாசிரியர் அவ்விடத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி அப்பாற் செல்வார். வெறும் பௌதிகம் படித்தவர் அந்நூலின் பக்கமே வாரார். நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள கணிதத் தொடர்பை அறிந்தவரும், அடியார்க்குநல்லார் உரையைத் தலைகீழாக அறிந்தவரும் ஒருவராகவே இருக்கவேண்டிய ஆராய்ச்சி அது. 1916 இற் பெற்ற இரண்டு தகுதிகளும் ஒன்றுகூடியது 31 ஆண்டுகளின் பின், 1947 யூன் மாதத்திலே, திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறியபோதாகும். அடுத்த மாதம் 19 ஆந் திகதி அவர் காலமானார். பேராசிரியர் பதவியில் அவர் இருந்த காலம் நான்கு ஆண்டுகளே.

அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் பருத்தித்துறைப் புலோலியைச் சேர்ந்த கலாநிதி க. கணபதிப்பிள்ளை. இவருடைய வழி வேறு. ஹாட்லிக் கல்லூரியில் ஆரம்பித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்று, அண்ணாமலையிலே விபுலாநந்தரிடந்தானே மாணாக்கராயிருந்து, பின் இலண்டனுக்குச் சென்று, கி. பி. 7 ஆம் 8 ஆம் நூற்றாண்டுகளின் தமிழ்ச் சாசனங்களில் வழங்கிய மொழியை ஆராய்ந்து 1935 இலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். திரும்பிவந்து பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளரானார். 1943 இல் ஆசிரியர் பேராசிரியராக வந்தமர்ந்தபோது, கலாநிதிப் பட்டம் பெற்ற மாணாக்கர் அவர்கீழ் விரிவுரையாளர். இருவருக்கும் இடையே மனத்தாங்கல் இருந்ததாக எவருங் கூறியதில்லை. ஆனால் இனி வருங்காலம் மாணாக்கரின் வழியையே பின்பற்றும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

அவ்வழி தந்த நன்மை பெரிது. தமிழ் என்றால் இலக்கண வரம்புக்குள் அடங்கிய செய்யுள்மொழி என்றே எண்ணிய புலவர்க்கு, கல்வெட்டிலே கொச்சையெனத் தோன்றும் வடிவங்களும் மொழி வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதை இலண்டன் பயிற்சி காட்டியது. சாசனத் தமிழை அவ்வாறு நோக்கிய கணபதிப்பிள்ளை, பருத்தித்துறைப் பேச்சுத்தமிழையும் அவ்வாறே நோக்கினார். 1940 இல் வெளிவந்த ‘நானாடகம்’, 1952 இல் வெளிவந்த ‘இரு நாடகம்’ ஆகியவற்றில் யாழ்ப்பாணத்து மாந்தர் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே பேசுகின்றனர். பேராசிரியர் ஒருவர் இவ்வாறு எழுதலாமா என்று முகஞ்சுளித்தோரும் இருந்தனர். பீடத்தில் இருந்தவர் எழுதியமையாலேயே அப்பேச்சுமொழிக்கு ஓர் அங்கீகாரம் கிடைத்தது என்பதை அவர்கள் நினைந்திலர்.

நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலே மற்றொரு கணபதிப்பிள்ளை வாழ்ந்தார்: மட்டுவிலைச் சேர்ந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. நாவலர் மரபில் வந்தோரிடம் பாடங் கேட்டு, விபுலாநந்தருக்குப் பத்தாண்டு பின்னர் 1926 இல் அதே மதுரைச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். கம்பராமாயணத்திலும் கந்தபுராணத்திலும் அவருக்கிருந்த தோய்வு பிறரால் எளிதில் எட்டுதற்கரியது. அவரோ திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையிலே மூன்று தசாப்தங்கள் ஆசிரியர்களை ஆக்கிக்கொண்டிருந்தார். பெயர் ஒன்று, காலம் ஒன்று, பொருள் ஒன்று, வாயில்கள் இரண்டு. இலண்டன் வாயிலாற் சென்றவர் பல்கலைக்கழகத்தை அடைந்தார். மதுரை வாயிலாற் சென்றவர் கலாசாலையோடு நின்றார். பின்னாளிலே பல்கலைக்கழகம் பண்டிதமணிக்குக் கௌரவ இலக்கிய கலாநிதிப் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அது போற்றத்தக்க செயலே. ஆயினும் கௌரவப் பட்டம் விரிவுரை மண்டபம் ஆகாது. அவரிடம் பாடங் கேட்டிருக்கவேண்டிய பல்கலைக்கழக மாணவர் தலைமுறைகள் அப்போது கடந்துபோயிருந்தன.

பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்குச் சென்றபின் ஏணியின் படிகள் உறுதியாயின. முதலாண்டு முடிவில் திறமை காட்டிய மாணவர் சிறப்புப் பாடநெறிக்கு எடுக்கப்படுவர். அதிலே உயர்ந்த வகுப்பிற் சித்தியடைவோர் உதவி விரிவுரையாளர் ஆவர். சில ஆண்டுகளிற் கற்கை விடுமுறை, பெரும்பாலும் இங்கிலாந்து, கலாநிதிப் பட்டம், மீண்டும் தாயகம். இப்படிகளுக்கு முன்மாதிரியாய் நின்றவர் தெல்லிப்பழையைச் சார்ந்த சு. வித்தியானந்தன். 1924 இற் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே 1944 இற் பட்டமும் 1946 இல் முதுமாணிப் பட்டமும் பெற்று, பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் இலண்டனிற் கலாநிதியானார். பிறந்து 26 ஆண்டுக்குள் இவ்வளவும் முடிந்தது. விபுலாநந்தர் அந்த வயதிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

தமிழிலக்கியத்தைப் பற்றிய ஆராய்ச்சி நூலை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலப் பரீட்சகரிடம் ஒப்புவித்து, அதன்பின்னரே தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கும் உரிமை பெறுதல் விந்தையானதுதான். வித்தியானந்தன் அவ்வழியாற் சென்றவர். ஆனால் திரும்பிவந்தபின் அவர் நாடிச்சென்றது மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்துக் களரிகளை. 1962 இற் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’ என்று பேராதனை மாணவர் ஆடிய கூத்துகளுக்குப் பின்னால் கிராமத்து அண்ணாவிமாரின் பயிற்சி இருந்தது. கல்லாதார் என்று கருதப்பட்டோர் பல்கலைக்கழக மாணவருக்கு ஆசிரியராயினர். பதவிப் பெயரும் சம்பளப் படியும் அவர்களுக்கில்லை என்பது வேறு கதை.

நேர்வழி உறுதியான பின்னும் பக்கவழியால் வந்தோர் இருந்தனர். தனிநாயகம் அடிகள் உரோமாபுரியிலே இறையியற் கலாநிதிப் பட்டம் பெற்றுக் குருவானவர். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துப் பாடசாலையிலே கற்பிக்கச் சென்ற இடத்தில், தம் தாய்மொழியில் தமக்குப் போதிய புலமை இல்லையென்பதை உணர்ந்தார். அங்கே ஒரு பண்டிதரிடம் பாடங் கேட்டார். 1945 இல், 32 வயதில், ஏற்கெனவே ஒரு கலாநிதியாயிருந்தும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்து தமிழ் பயின்றார். 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளர். 1957 இல் இலண்டனில் இரண்டாவது கலாநிதிப் பட்டம். 1961 இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலே இந்திய இயற்றுறைத் தலைவர். உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 இற் கோலாலம்பூரிற் கூடியதற்கு அவரே மூலகாரணர். க. கைலாசபதி 1957 இற் பட்டம் பெற்றுத் ‘தினகரன்’ பத்திரிகைக்குச் சென்று அதன் ஆசிரியராயும் விளங்கி, அதன் பின்னரே பல்கலைக்கழகம் புகுந்தார். கிரேக்கப் பேராசிரியரான ஜோர்ஜ் தொம்சனின் கீழ்ப் பேமிங்காமிலே ஆராய்ந்து 1966 இற் கலாநிதியானார். கா. சிவத்தம்பி கொழும்பு சாகிறாக் கல்லூரி ஆசிரியர். பாராளுமன்றத்திலே உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர். 1965 இலேயே விரிவுரையாளர். பத்திரிகைக் கந்தோரும் பாராளுமன்றமும் பட்டமளிக்கும் இடங்கள் அல்ல. ஆனால் பத்திரிகை வாசகனுக்கு விளங்க எழுதப் பழகிய கையையும், ஒருவர் பேசும்போதே அவர் கருத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகிய செவியையும் இவ்விருவரின் எழுத்திலும் எளிதிலே காணலாம்.

1974 இல் யாழ்ப்பாணத்திலே வளாகம் அமைந்தபோது அதன் முதலாவது தலைவர் கைலாசபதி. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதலாவது துணைவேந்தர் வித்தியானந்தன். அதன் பின்னர் விரிவுரையாளராக விரும்பும் மாணவன் கொழும்புக்கோ பேராதனைக்கோ போகவேண்டியிருக்கவில்லை. ஆனால் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்டது. 1983 க்குப் பிந்திய போர்க்காலத்தில் இளம் விரிவுரையாளர் பலர் கற்கை விடுமுறையிற் சென்று திரும்பவில்லை. ஏணி நின்றது, அதிலே ஏறுவோர்க்கு வேண்டிய நூல்களும் ஆசிரியர்களும் குறைந்தனர். அக்காலத்திலே நாட்டைவிட்டு நீங்காது மண்ணெண்ணெய் விளக்கொளியிற் குறிப்பெழுதி மறுநாள் விரிவுரை நிகழ்த்தியோரின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

இன்று பாதை அச்சிட்ட விதிகளாய் இருக்கின்றது. உரிய துறையிலே சிறப்புப் பட்டம், அதிலும் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. தகுதிகாண் விரிவுரையாளர் நியமனம். குறித்த காலத்துள் முதுநிலைப் பட்டம். பின் சிரேஷ்ட விரிவுரையாளர். ஆராய்ச்சி வெளியீடுகளுக்குப் புள்ளியிட்டுப் பேராசிரியர் பதவி. பல்கலைக்கழகம் புகும் முதலாண்டிலேயே மாணவன் தன் வழியைத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொள்ளவும் வேண்டும், ஏனெனில் இறுதிப் பரீட்சையிலே ஒரு வகுப்புக் குறைந்தாற் கதவு அடைபடக்கூடும். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்விதிகள் பெரும் பாதுகாப்பு; யாரிடமும் சிபாரிசு வேண்டி நிற்கவேண்டுவதில்லை. ஆனால் இரண்டு துறைகளை ஒருங்கே கற்கவும், பத்தாண்டு பாடசாலையிற் படிப்பித்துவிட்டு வரவும் இவ்விதிகளில் இடம் மிகக் குறைவு.

மட்டக்களப்புக் கல்லடியிலே விபுலாநந்தரின் சமாதி இருக்கின்றது. அவ்வூரிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றது. இசையும் நடனமும் நாடகமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அந்நிறுவகத்தின் இசைத்துறைக்கு விரிவுரையாளர் வேண்டுமென்று விளம்பரம் வெளிவருமாயின், யாழ்நூலின் ஆசிரியர் தம் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தோடு விண்ணப்பிப்பதற்கு அவ்விதிகள் எளிதில் இடங்கொடா.